நிருபராக இருந்து பேராசிரியர் ஆனவரின் வாழ்க்கையை எழுத வேண்டுமா?

கோலாலம்பூரில் பெரியவர் ஒருவர் தவறிவிட்டால், "ஐயாவைப் பற்றி நினைவு மலருக்கு நாலு பக்கம் எழுதுங்களேன்" என்று யாராவது வந்து நிற்பார்கள். அவர் நிருபராக இருந்து, அப்புறம் அரசியல் படித்துப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தி, கடைசியில் அரசாங்கப் பதவிக்கும் போனவர் என்றால் எல்லாரும் அந்தப் பதவியில்தான் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். அவர் எழுதியதைப் பத்திரிகையிலிருந்து வெட்டி வைத்த துணுக்குகளில் ஆரம்பியுங்கள்.

அவற்றைப் பெரும்பாலும் மனைவிதான் பத்திரப்படுத்தி வைத்திருப்பார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டில் எனக்குக் கிடைத்தது ஒரு பிஸ்கட் டின். நிறைய துணுக்குகள், ஒன்றில்கூடத் தேதி இல்லை, எல்லாவற்றையும் கட்டுரையை ஒட்டியே வெட்டியிருந்தார்கள். திருப்பிப் பார்த்தால் ஒன்றின் பின்பக்கம் பாதி சினிமா விளம்பரம், "தீபாவளி முதல்" என்று. படம் வந்த வருஷத்தைப் பிடித்தால் கட்டுரையின் வருஷமும் ஏறக்குறைய கிடைத்த மாதிரிதான். விளம்பரத்தில் உள்ள விலையை மட்டும் நம்பாதீர்கள். மலேசியப் பணத்துக்கு ரிங்கிட் என்ற பெயர் 1975இல் வந்தாலும் நமக்கு அன்றும் இன்றும் வெள்ளிதானே!

புனைபெயர் என்ன என்று வீட்டிலேயே கேட்டுவிடுங்கள், அது தெரியாமல் நூலகத்தில் உட்கார்ந்தால் நாள் வீண். தமிழ் நேசன் நாளிதழ் 1924இலிருந்து 2019 வரை வந்தது. ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்திலேயே போட்டிருக்கிறது. அவருடைய ஆய்வேட்டில் நன்றியுரையை முதலில் படியுங்கள், யார் கைதூக்கிவிட்டார்கள் என்று அங்கேதான் தெரியும். செனட்டராகவோ எம்பியாகவோ இருந்திருந்தால் நாடாளுமன்றப் பேச்சுகளின் பதிவான ஹன்சார்ட் இருக்கிறது. தேதியில்லாத அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் டத்தோ இருந்தால் அது பட்டம் வாங்கிய பிறகு அடித்தது.

இதெல்லாம் சேர்ந்தாலும் பட்டியல்தான் வரும். ஏன் மாறினார் என்பதைத் தேடுங்கள். உதாரணத்துக்கு, எஸ். ராஜரத்தினம் 1915இல் யாழ்ப்பாணத்தில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, இங்கே கோலாலம்பூரில் விக்டோரியா இன்ஸ்டிடியூஷன் பள்ளியில் படித்தவர். 1937இல் சட்டம் படிக்க லண்டன் போனார். போர் வந்தது, வீட்டுப் பணம் நின்றது, வயிற்றுப்பாட்டுக்கு எழுத ஆரம்பித்தார். 1965இல் சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனவரின் கதையில் எனக்குப் பிடித்த இடம் அந்த நின்றுபோன பணம்தான்.

அதனால் சம்பளத்தைக் கேளுங்கள். "பத்திரிகையை விட்டபோது வீட்டுச் செலவுக்கு என்னம்மா செய்தீர்கள்?" என்று கேட்டால், கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு அந்த அம்மா பேச ஆரம்பிப்பார். டின்னை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கேயே மேசையில் வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள், முன்பக்கமும் பின்பக்கமும்.