கொண்டைக்கடலை பாஸ்தா: குழையாமலும் பச்சை வாடை இல்லாமலும் வேகவைப்பது எப்படி?

கோதுமை பாஸ்தா செய்து கை பழகியவர்கள் முதல் தடவை கொண்டைக்கடலை பாஸ்தாவில் இறங்கினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். தண்ணீர் பொங்கி வழிந்து அடுப்பை அணைக்கும், இல்லையென்றால் பாஸ்தா குழைந்து களியாகும். சில நேரம் இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

காரணம் எளிது. கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் ஒரு பின்னலாக நின்று மாவுச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டு நிமிடம் கூடுதலாக வெந்தாலும் அது தாங்கும். கடலை மாவில் அந்தப் பின்னல் கிடையாது. வெந்து இறுகிய புரதமும் மாவுச்சத்துமே அதன் உருவத்தைக் காப்பாற்றியாக வேண்டும். அதனால் கோதுமை பாஸ்தாவில் கண்டுகொள்ளாமல் விடும் ஒரு நிமிடம் இங்கே பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

யாருக்கு, எதற்கு?

வேகவைக்காத 100 கிராம் கோதுமை பாஸ்தாவில் ஏறக்குறைய 12 முதல் 13 கிராம் புரதம் இருக்கும். கொண்டைக்கடலை பாஸ்தாவில் அது 20 கிராம் அளவில் இருக்கும். ஒருவருக்கு 80 கிராம் போட்டால் சுமார் 16 கிராம் புரதம் கிடைக்கும். நார்ச்சத்தும் கோதுமை பாஸ்தாவைவிட நன்றாகவே கூடுதல். ஆனால் மாவுச்சத்து இல்லாத உணவு என்று நினைத்துவிடக் கூடாது. 100 கிராமில் பாதிக்கும் மேல் மாவுச்சத்துதான். சர்க்கரை நோயாளிகள் சாப்பிடலாம், அளவு மட்டும் முக்கியம்.

குளூட்டனால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் இருப்பவர்களுக்கு அது அறவே ஆகாது. மற்றவர்களுக்கு அதை ஒதுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. சீலியாக் இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வர வாய்ப்பு உண்டு.

பாக்கெட்டின் பின்பக்கம்

முன்பக்கம் "அதிகப் புரதம்" என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்பி வாங்க வேண்டாம், பின்பக்கப் பட்டியலைப் படியுங்கள். இத்தாலிய பாஸ்தா நிறுவனமான பரில்லாவின் புரோட்டீன் பிளஸ் வகையில் கொண்டைக்கடலை மாவு உண்டு, ஆனால் முதன்மைப் பொருள் கோதுமை ரவைதான். புரதத்துக்காகச் சாப்பிடுபவருக்கு அது சரி, சீலியாக் உள்ளவருக்கு ஆபத்து. "குளூட்டன் ஃப்ரீ" என்று அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் அப்படிப் போட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது.

அடுத்து, கடலை மாவு மட்டுமா, கூட வேறு ஏதாவது சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். பட்டாணி ஸ்டார்ச், மரவள்ளி ஸ்டார்ச், சாந்தன் கம் (மாவைப் பிணைத்துப் பிடிக்கும் பொடி) சேர்த்தவை கொஞ்சம் மீள்தன்மையோடு இருக்கும், சீக்கிரம் உடையாது. முதல் முறை செய்பவர்களுக்கு அதுவே வசதி. வடிவத்தில் ஸ்பெகட்டி வேண்டாம், கிளறும்போதே துண்டு துண்டாகிவிடும். குழாய் வடிவ பென்னே அல்லது சுருள் வடிவ ஃபுசில்லி எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு பேருக்குத் தேவையானவை

கொண்டைக்கடலை பாஸ்தா 160 கிராம், தண்ணீர் 2 லிட்டர், தூள் உப்பு ஒரு மேசைக்கரண்டி.

சாஸுக்கு: நன்கு பழுத்த தக்காளி 400 கிராம், பூண்டு 6 பல், ஆலிவ் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, மிளகாய்ச் செதில் அரை தேக்கரண்டி, உலர்ந்த ஆரிகனோ அரை தேக்கரண்டி, பசலைக்கீரை ஒரு கைப்பிடி, துருவிய சீஸ் 30 கிராம், எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டி, தேவையான உப்பு.

செய்முறை

1. முதலில் சாஸ். அகலமான வாணலியில் எண்ணெய் ஊற்றி, மெல்லிய தீயில் நறுக்கிய பூண்டை வாசம் வரும்வரை வதக்குங்கள். சிவக்க விட்டால் கசக்கும். மிளகாய்ச் செதில் போட்டு, உடனே பொடியாக நறுக்கிய தக்காளி, உப்பு, ஆரிகனோ சேருங்கள். மூடி போட்டு 10 நிமிடம், திறந்து 5 நிமிடம். எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது அடுப்பை அணைத்து வையுங்கள். பாஸ்தாவைத் தண்ணீரில் போடும் முன் சாஸ் தயாராக இருந்தே தீர வேண்டும். வெந்த பாஸ்தா வடிதட்டில் கிடந்து காத்திருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும்.

2. நான்கு லிட்டர் பிடிக்கும் பாத்திரத்தில் 2 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மேலே பாதிப் பாத்திரம் காலியாக இருப்பது நுரைக்கான இடம். தளதளவென்று கொதித்த பிறகு உப்புப் போடுங்கள்.

3. பாஸ்தாவைப் போட்டதும் முதல் ஒரு நிமிடம் கரண்டியை எடுக்காமல் மெதுவாகக் கிளறுங்கள். ஒட்டிக்கொள்வதெல்லாம் இந்த ஒரு நிமிடத்தில்தான். பிறகு நுரை கிளம்பும். ஊறவைத்த கொண்டைக்கடலையை வேகவைக்கும்போது மேலே திரளுமே, அதே நுரைதான். கடலையில் உள்ள சப்போனின் என்ற நுரைக்கும் பொருளும் புரதமும் அதற்குக் காரணம், பாஸ்தா கெட்டுப்போனதாக அர்த்தம் இல்லை. ஜல்லிக் கரண்டியால் எடுத்து வெளியே போடுங்கள், தீயைக் கொஞ்சம் குறையுங்கள். ஆனால் கொதி அடங்கக் கூடாது. அடங்கினால் வெளிப்புறம் ஊறிக் குழைந்து, நடு மட்டும் மாவாக நிற்கும். மூடி போடவே வேண்டாம்.

குக்கரில் ஒரு விசில் விடலாமா என்ற கேள்வி எப்போதும் வரும். கூடாது. பாஸ்தா கூழாகும் என்பது ஒரு பக்கம், நுரை ஏறி வெயிட் வால்வை அடைத்துக்கொள்ளும் என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை.

4. பாக்கெட்டில் 7 நிமிடம் என்று போட்டிருந்தால் 5-வது நிமிடத்திலேயே ஒன்றை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் வெளிறிய ஒரு கோடு அல்லது புள்ளி தெரியும். அது தடிமனாக இருந்தால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். நூல் போல மெலிந்து, கடிக்கும்போது பல்லில் லேசாகத் தடுத்தால் அடுப்பை அணைத்துவிடலாம். முழுக்க மறையும்வரை காத்திருந்தால், மீதி வேக்காடு வாணலியில் நடந்து குழைந்துவிடும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை இப்படிப் பார்ப்பது தொல்லைதான், ஆனால் அந்த பிராண்டின் சரியான நேரம் ஒரு முறை தெரிந்துவிட்டால் அடுத்த முறை கடிகாரமே போதும்.

5. பாஸ்தா வெந்த தண்ணீரில் அரை கப் எடுத்து வைத்துவிட்டு வடிகட்டுங்கள். கோதுமை பாஸ்தாவை அலசக் கூடாது, ஏனென்றால் மேலே உள்ள மாவுப் பசைதான் சாஸைப் பிடிக்கும். இதில் அந்தப் பசை வழவழப்பாக இருக்கும், பச்சைக் கடலை வாடையும் அதில்தான் அதிகம். ஆகவே வெந்நீரில் ஒரே ஒரு அலசு. சாலடுக்கு என்றால் குளிர்ந்த நீர்.

6. சாஸை மறுபடி சூடாக்கி, கீரை சேர்த்து, அது சுருண்டதும் பாஸ்தாவைப் போடுங்கள். எடுத்து வைத்த தண்ணீரில் கால் கப் ஊற்றி, மெல்லிய தீயில் ஒரு நிமிடம் அடியிலிருந்து புரட்டிவிடுங்கள். குத்திக் கிளறினால் உடையும். இறக்கிய பின் எலுமிச்சைச் சாறும் சீஸும். சாஸ் கொஞ்சம் நீர்க்க இருப்பதாகத் தோன்றினால் அப்படியே விடுங்கள், தட்டுக்குப் போவதற்குள் பாஸ்தா அதை உறிஞ்சிக்கொள்ளும்.

வாடை, வயிறு, பெருங்காயம்

கடலை வாடை பிடிக்காதவர்களுக்குப் பூண்டும் புளிப்பும் காரமும்தான் மருந்து. வெறும் வெண்ணெயும் மிளகும் போட்டுச் செய்தால் வாடை முன்னுக்கு வந்து நிற்கும். வெள்ளை சாஸ் பிரியர்கள் மைதாவுக்குப் பதில் ஒன்றரை கப் பாலுக்கு ஒரு மேசைக்கரண்டி சோள மாவைக் குளிர்ந்த பாலில் கரைத்துச் சேர்க்கலாம்.

பருப்பு வகை அதிகம் சாப்பிட்டுப் பழகாத வயிறு என்றால் முதல் நாளே 80 கிராம் வேண்டாம், 40 கிராமில் ஆரம்பியுங்கள். வாயுத் தொல்லை பெரும்பாலும் அளவைப் பொறுத்ததுதான்.

சீலியாக் உள்ளவருக்குச் சமைக்கிறீர்கள் என்றால் பாஸ்தாவை மட்டும் மாற்றினால் போதாது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். வழக்கமான சோயா சாஸிலும் கோதுமை உண்டு. கோதுமை பாஸ்தா வடித்த அதே வடிதட்டின் ஓட்டைகளிலும், மரக் கரண்டியின் விரிசல்களிலும் மாவு தங்கும். இந்த இரண்டையும் தனியாக வாங்கி வைப்பது நல்லது.

பாக்கெட் கிடைக்காவிட்டால்

வீட்டிலும் செய்யலாம். நைசான கடலை மாவு 200 கிராம், சாந்தன் கம் ஒரு தேக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி மூன்றையும் சலித்து, 2 முட்டை உடைத்து ஊற்றிப் பிசையுங்கள். உதிர்ந்தால் தண்ணீரை ஒவ்வொரு தேக்கரண்டியாகத் தெளியுங்கள். முறுக்கு மாவைவிட இறுக்கமாக இருக்க வேண்டும். மூடி வைத்து அரை மணி நேரம் கழித்து, மாவு தூவி மெல்லிசாகத் தேய்த்து நாடா நாடாக வெட்டுங்கள். கொதிக்கும் நீரில் 2 முதல் 3 நிமிடத்தில் வெந்துவிடும். கிழிகிறது என்றால் மாவில் ஈரம் குறைவு, கரைகிறது என்றால் சாந்தன் கம் போதவில்லை. சீலியாக் உள்ளவருக்கென்றால் மில்லில் அரைத்த மாவு வேண்டாம், அதே கல்லில் கோதுமையும் அரைத்திருப்பார்கள்.

டிபன் பாக்ஸும் மீதமும்

ஆறிய கொண்டைக்கடலை பாஸ்தா விறைத்துப்போகும், அதன் மாவுச்சத்தின் இயல்பு அது. மதிய டப்பாவுக்கு என்றால் குளிர்ந்த நீரில் அலசி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் புரட்டி, சாஸில் கூடுதலாகக் கால் கப் தண்ணீர் சேர்த்துக் கலந்து அனுப்புங்கள். மீந்ததை மூடிய டப்பாவில் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். சூடாக்கும்போது இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு மெல்லிய தீயில் வைத்தால் இளகிவிடும். ஃப்ரீசரில் வைத்தால் மட்டும், எடுக்கும்போது பொடிப்பொடியாக உதிரும்.