தீயணைப்புப் பணித் தேர்வு: தயாரிப்பில் எங்கே சறுக்குகிறார்கள்?

தீயணைப்புப் பணித் தேர்வுக்குத் தயாராகிறவர்களில் இரண்டு வகை உண்டு. உடற்பயிற்சியில் ஊறியவர்கள் ஜிம்மே கதி என்று கிடப்பார்கள். படிப்பில் கெட்டிக்காரர்கள் புத்தகமும் கையுமாக இருப்பார்கள். இரண்டு பேருமே கடுமையாகத்தான் உழைக்கிறார்கள். ஆனால் தனக்கு எது சுலபமாக வருகிறதோ, அதையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தேர்வோ எழுத்து, உடற்தகுதி, நேர்காணல், மருத்துவப் பரிசோதனை என்று கட்டம் கட்டமாக வடிகட்டுகிறது. ஒன்றில் அள்ளிய மதிப்பெண், இன்னொன்றில் தகுதி இழந்ததைப் பெரும்பாலும் ஈடுகட்டாது. நல்ல ஆட்கள் பலர் வெளியே நிற்பதற்கு இந்தப் பழக்கம்தான் முதல் காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சறுக்கல் அறிவிப்பிலேயே ஆரம்பித்துவிடுகிறது. நண்பர் சொன்ன பாடத்திட்டம், யாரோ போட்ட வீடியோ, பழைய வழிகாட்டி என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். அதிகாரபூர்வ அறிவிப்பை மட்டும் கடைசி வரி வரை படிக்க மாட்டார்கள். ஓட்டம் எத்தனை மீட்டர், வயதை எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடுகிறார்கள், கண்ணாடி அணியலாமா, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்களா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். இவை நாட்டுக்கு நாடு, துறைக்குத் துறை, சில சமயம் வருடத்துக்கு வருடம்கூட மாறும். அறிவிப்பைப் படித்து, தயாரிப்பைப் பாதிக்கும் ஒவ்வொரு விஷயத்தையும் தனியாக எழுதி வைத்துக்கொண்ட பிறகு புத்தகம் வாங்கினால் போதும்.

புத்தகம் என்றதும் இன்னொன்று. இணையத்தில் கிடைக்கும் தீயணைப்புப் பாடங்களில் நிறைய அமெரிக்காவில் எழுதப்பட்டவை. எடுத்துக்காட்டாக, தீயின் வகைப்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஏ' என்றால் மரம், காகிதம் போன்ற திடப்பொருள்கள். 'பி' என்றால் எரியும் திரவங்கள். 'டி' என்றால் உலோகங்கள். இதுவரை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் 'சி' என்பது அமெரிக்க முறையில் மின்சாரம் பாயும் கருவிகளில் பிடிக்கும் தீ. ஐரோப்பிய முறையிலும் இந்தியாவிலும் அது எரிவாயுத் தீ. சமையல் எண்ணெய்த் தீ அமெரிக்காவில் 'கே', ஐரோப்பாவில் 'எஃப்'. எந்த முறை என்று பார்க்காமல் மனப்பாடம் செய்தால், உழைத்துப் படித்ததே தவறான விடையைக் குறிக்க வைக்கும்.

மனப்பாடம்தான் எழுத்துத் தேர்வின் பெரிய பொறி. எண்ணெய்த் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஏன் என்று கேட்டால் பாதிப்பேர் திணறுவார்கள். தண்ணீர் எண்ணெயைவிட அடர்த்தி அதிகம் என்பதால் அடியில் இறங்குகிறது. அந்தச் சூட்டில் உடனே ஆவியாகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த வேகத்தில் எரிகிற எண்ணெயும் சேர்ந்து மேலே சிதறுகிறது. இந்தக் காரணத்தைப் புரிந்துகொண்டவருக்கு, கேள்வியை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் விடை வரும்.

தீப்பற்று நிலையும் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையும் இப்படித்தான் பலரைக் குழப்புகின்றன. வெளியிலிருந்து ஒரு பொறி கொடுத்தால் பற்றும் அளவுக்கு ஆவி வெளிவரும் குறைந்தபட்ச வெப்பநிலை முதலாவது. பொறியே இல்லாமல் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும் வெப்பநிலை இரண்டாவது. பெட்ரோலின் தீப்பற்று நிலை பூஜ்ஜியத்துக்கும் வெகு கீழே, சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். டீசலுக்கு 50 டிகிரிக்கு மேல். எனவே பொறி பட்டால் பெட்ரோல்தான் உடனே பற்றும். ஆனால் தானாகப் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை பெட்ரோலைவிட டீசலுக்குத்தான் குறைவு! பெட்ரோல்தான் எல்லாவற்றிலும் முந்தும் என்று பொத்தாம்பொதுவாக நினைத்துக்கொண்டு போகிறவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

அப்புறம் நெகட்டிவ் மார்க். பயந்துபோய் நிறையக் கேள்விகளை விட்டுவிடுகிறவர்களும் உண்டு, கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் குறிக்கிறவர்களும் உண்டு. கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், தவறுக்கு ஒரு கேள்வியின் மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். குருட்டாம்போக்கில் குறித்தால் சராசரியாக லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று தள்ள முடிந்தால், மீதி இரண்டில் ஒன்றைக் குறிப்பது சராசரியாக லாபம்தான். மாதிரித் தேர்வை நேரம் வைத்து எழுதும்போதே இந்த முடிவையும் எடுத்துப் பழக வேண்டும். தேர்வறையில் உட்கார்ந்து யோசிக்க அவகாசம் இருக்காது.

இனி உடற்தகுதி. அதிகம் பேர் உழைப்பதும், அதிகமாகத் தவறான திசையில் உழைப்பதும் இங்கேதான்.

வட அமெரிக்காவில் பல தீயணைப்புத் துறைகள் நடத்தும் சிபேட் என்ற உடற்தகுதித் தேர்வைப் பாருங்கள். சுமார் 22.7 கிலோ எடையுள்ள அங்கியை மாட்டிக்கொண்டு எட்டு வேலைகளை 10 நிமிடம் 20 விநாடிக்குள் முடிக்க வேண்டும். முதல் வேலையே படி ஏறுவதுதான். அங்கியோடு தோளில் இன்னும் 11 கிலோவுக்கு மேல் ஏற்றிவிடுவார்கள். நிமிடத்துக்கு 60 படி வீதம் மூன்று நிமிடம். கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு ஏற முடியாது. இறங்கியதும் தோள் எடையைக் கழற்றிவிட்டு ஹோஸை, அதாவது தண்ணீர் பாய்ச்சும் குழாயை, இழுக்கப் போக வேண்டும். பிறகு கருவிகளைச் சுமப்பது, ஏணியைத் தூக்கி நிறுத்துவது, சம்மட்டி அடிப்பது, இருட்டுச் சுரங்கத்தில் தவழ்வது. இத்தனையும் முடிந்த பிறகு சுமார் 75 கிலோ எடையுள்ள மனித உருவ டம்மியை இழுக்க வேண்டும். கடைசியில், தலைக்கு மேலே கூரையைக் கோலால் குத்தி இழுக்கும் வேலை. ஒரு வேலைக்கும் அடுத்ததற்கும் நடுவே 26 மீட்டர் நடக்கலாம், ஓடக்கூடாது. அந்த நடைதான் ஓய்வு.

உங்கள் துறையின் தேர்வு வேறு மாதிரி இருக்கலாம். கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல், ஓட்டம் என்றும் இருக்கலாம். ஆனால் சிபேட்டில் தெளிவாகத் தெரியும் விஷயம் எல்லாத் தேர்வுக்கும் பொருந்தும். களைத்துப்போன உடம்பால் அடுத்த வேலையைச் செய்ய முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஜிம்மில் ஒரு செட் முடித்துவிட்டு மூன்று நிமிடம் உட்காருகிறவருக்கு இந்தப் பழக்கமே இருக்காது. நெஞ்சுக்கும் புஜத்துக்கும் நாள் ஒதுக்குகிறவர்கள் தொடை, முதுகு, கைப்பிடி வலு மூன்றையும் மறந்துவிடுகிறார்கள். ஹோஸ், ஏணி, கயிறு, டம்மி எதுவானாலும் பிடி தளர்ந்தால் தோள் எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. 64 மில்லிமீட்டர் விட்டமும் 30 மீட்டர் நீளமும் உள்ள ஹோஸில் தண்ணீர் நிறைந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டுமே சுமார் 96 கிலோ. வேலையில் சேர்ந்த பிறகு இழுக்கப்போவது அதைத்தான்.

ஓட்டத்திலும் இதே கதைதான். பீப் டெஸ்ட் எனப்படும் 20 மீட்டர் போய்வரும் ஓட்டத்துக்கு டிரெட்மில்லில் பழகுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டத்தில் மூச்சைத் தின்பது திருப்பங்கள்தான். நின்று, திரும்பி, மறுபடி வேகம் எடுப்பது டிரெட்மில்லில் கிடையாது. பரவலாக இருக்கும் முறையில் வேகம் மணிக்கு 8.5 கிலோமீட்டரில் ஆரம்பித்து ஒவ்வொரு நிமிடமும் மணிக்கு அரை கிலோமீட்டர் வீதம் கூடும். ஆரம்பத்தில் முந்திப் போய்க் கோட்டில் காத்திருப்பதால் கூடுதல் மதிப்பெண் எதுவும் இல்லை, தெம்புதான் வீணாகும்.

தாமதமாக ஆரம்பித்துவிட்டு அவசரப்படுவதும் ஆபத்து. தேர்வுக்குச் சில வாரம் இருக்கும்போது திடீரென்று தினமும் ஓட ஆரம்பித்தால் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி பிடித்துக்கொள்ளும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு தொடர்ந்தால் எலும்பில் கீறல் வரைக்கும் போகலாம். எடை அங்கியையும் முதல் நாளே முழு எடையோடு போடாதீர்கள். வெறும் உடம்போடு படி ஏறுவது நன்றாகப் பழகட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடை கூட்டலாம். கடைசி வாரத்தில் பயிற்சியைக் குறைப்பது சோம்பேறித்தனம் இல்லை. அந்த வாரம் எவ்வளவு உழைத்தாலும் புதிதாக வலு சேராது, களைப்பு மட்டும்தான் சேரும். புது ஷூவும் அப்போது வேண்டாம்.

நேர்காணலில் பலரைக் கவிழ்ப்பது வீரதீரம். "எரியும் கட்டடத்தில் குழந்தை மாட்டிக்கொண்டிருக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "உயிரைப் பணயம் வைத்து உடனே உள்ளே ஓடுவேன்" என்பார்கள். மனசு நல்ல மனசுதான். ஆனால் எதிரே இருப்பவர்கள் காலமெல்லாம் குழுவாக வேலை பார்த்தவர்கள். சுவாசக் கருவி இல்லாமல், யாரிடமும் சொல்லாமல் உள்ளே போகிறவர் இரண்டாவது பலியாவார், அவரைத் தேடி இன்னும் இரண்டு பேர் போக வேண்டியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் இது சட்ட விதியாகவே இருக்கிறது: தீப்பிடித்த கட்டடத்துக்குள் குறைந்தது இரண்டு பேர் சேர்ந்து போக வேண்டும், வெளியே இரண்டு பேர் தயாராக நிற்க வேண்டும். உயிர் உடனடி ஆபத்தில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. அப்போதும் முடிவு தலைமை அதிகாரியுடையது. தகவலை அவரிடம் சொல்வேன், உத்தரவு கிடைத்ததும் முழுப் பாதுகாப்பு உடையோடு துணையுடன் போவேன் என்ற விடையில்தான் பொறுப்பு தெரிகிறது. தீயை மட்டுமே பேசுவதும் குறைதான். சாலை விபத்து, வெள்ளம், கிணற்றில் விழுந்தவர், பள்ளிகளில் விழிப்புணர்வு வகுப்பு எல்லாம் இந்த வேலைக்குள் வரும்.

மருத்துவப் பரிசோதனையைக் கடைசிக் கட்டம் என்று நினைத்துக் கடைசி வரை தள்ளிப்போடாதீர்கள். நிறங்களைப் பிரித்துப் பார்க்க முடியாத பார்வைக் குறைபாடு இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் தயாராகி, அங்கே வந்து தகுதி இழப்பது கொடுமை. பயிற்சியை ஆரம்பிக்கும் முன்பே கண், காது, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள். உயரமும் இருட்டான குறுகிய இடமும் உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். உயரம் என்றாலே கால் நடுங்குகிறவர்கள், பயிற்சியாளர் ஒருவரின் மேற்பார்வையில் பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொண்டு படிப்படியாக ஏறிப் பழகலாம். அதற்கு மாதங்கள் ஆகும். அதனால் முதல் மாதத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.