வளரிளம் பருவத்தினருக்கு இணையப் பாதுகாப்பு: கற்றுத்தருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கிராமப்புற வீடுகள் பலவற்றில், தந்தை ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போயிருக்க, வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் பொதுவானதாக இருக்கிறது. தாயின் வங்கிக் கணக்கும் ஜிபேயும், மகனின் விளையாட்டும், மகளின் இன்ஸ்டாகிராமும், பள்ளியின் வாட்ஸ்அப் குழுவும் அந்த ஒரே கருவிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் விழிப்புணர்வுக் கூட்டங்களில் பெரும்பாலும் ‘முகம் தெரியாதவரோடு பேசாதே, படம் போடாதே, ஓடிபி சொல்லாதே’ என்ற தடைப்பட்டியலை வாசித்துவிட்டு எல்லோரும் கலைந்துவிடுகிறோம். அந்தப் பட்டியலில் தவறேதும் இல்லை. எனினும், தடையை ஏற்கெனவே மீறிவிட்ட பிள்ளை யாரிடம் போய் நிற்பது என்பதை அது சொல்வதில்லை.

மிகப் பெரிய தவறு இங்கேதான் நிகழ்கிறது. பாலக்கோட்டிலோ அஞ்செட்டியிலோ பதினோராம் வகுப்பு படிக்கும் ஒரு பெண்ணின் முகப்புப் படத்தை எவனோ ஒருவன் எடுத்து, ஆபாசப் படமாக மாற்றி, அவளுக்கே அனுப்பி மிரட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவள் முதலில் அஞ்சுவது அவனுக்கன்று, வீட்டுக்குத்தான். கைப்பேசியைப் பிடுங்குவார்கள், பிறகு படிப்பை நிறுத்துவார்கள், அதன் பிறகு மாப்பிள்ளை பார்ப்பார்கள் என்ற வரிசை, குழந்தைத் திருமணம் இன்னும் முற்றாக ஒழியாத இம்மாவட்டங்களில் எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மிரட்டுகிறவனுக்கும் அது தெரியும். ‘வீட்டில் சொல்லிவிடுவேன்’ என்ற ஒரே வாக்கியத்தை வைத்துக்கொண்டு அவன் மாதக்கணக்கில் ஆட்டுவிக்க முடிவது அதனால்தான். ஆகவே, கடவுச்சொல்லைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, ‘என்ன நடந்திருந்தாலும் உன் படிப்பை நிறுத்தமாட்டோம், முதலில் எங்களிடம் சொல்’ என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் முடிவெடுப்பவர் யாரோ, அவர் வாயிலிருந்தே அது வர வேண்டும். தாய் இரகசியமாகச் சொல்லும் ஆறுதலுக்கு இந்த இடத்தில் வலுப் போதாது.

மிரட்டல் வெளிப்பட்டதும் குடும்பங்கள் பதற்றத்தில் மூன்று காரியங்களைச் செய்துவிடுகின்றன: உரையாடலை அழிப்பது, சிம்மை உடைப்பது, கேட்ட பணத்தில் பாதியையாவது அனுப்பிவிடுவது. முதல் இரண்டும் சாட்சியத்தை அழிக்கின்றன. மூன்றாவது, இங்கே பணம் பெயரும் என்று மிரட்டுகிறவனுக்குக் காட்டிக்கொடுக்கிறது. மாறாக, அவனுடைய கணக்குப் பெயர், எண், அனுப்பிய செய்திகள் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்த பிறகே அவனைத் தடுக்க வேண்டும். பணம் போயிருந்தால் தாமதமின்றி இணையக் குற்ற உதவி எண்ணான 1930ஐ அழைத்து, பரிவர்த்தனையின் அடையாளமான 12 இலக்க யுடிஆர் எண்ணைச் சொன்னால், பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க வாய்ப்புண்டு. சிறார் உதவி எண் 1098. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில், பெண்கள் மற்றும் குழந்தைகள் தொடர்பான ஆபாசப் படங்களைப் பற்றிப் பெயர் சொல்லாமலேயே புகார் அளிக்கவும் முடியும்.

‘புகார் கொடுத்தால் பெண்ணை ஸ்டேஷனுக்கு அலையவிடுவார்கள்’ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. சிறார்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவரின் வாக்குமூலத்தை அவருடைய வீட்டிலோ அவர் விரும்பும் இடத்திலோ, கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவல் அதிகாரி ஒருவர், சீருடை அணியாமல் பதிவுசெய்ய வேண்டும்; பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது; அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. விழிப்புணர்வுக் கூட்டங்களில் தண்டனை எத்தனை ஆண்டு என்று சொல்வதைக் காட்டிலும் இதைச் சொல்வது பயன்தரும்.

பிறந்த ஆண்டை மாற்றிப் போடுவதை நாம் ஒரு பொருட்டாகவே கருதுவதில்லை. இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்க 13 வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதால், அண்ணனோ மாமாவோ 2000 என்று ஏதாவது ஓர் ஆண்டைப் போட்டுத் திறந்துகொடுக்கிறார். அதன் விளைவாக, பதின்வயதினர் கணக்குகளுக்கென்று அந்நிறுவனம் வைத்துள்ள காப்புகள், அதாவது கணக்கு தானாகவே தனிப்பட்டதாக அமைவதும், பிள்ளை பின்தொடராத எவரும் செய்தி அனுப்ப முடியாதிருப்பதும், அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகின்றன. நிறுவனத்தின் கண்ணுக்கு அவள் இருபது வயதைக் கடந்தவள்.

நம் ஊர்களில் பேசப்படவே பேசப்படாத இடம் நெட் சென்டர். பன்னிரண்டாம் வகுப்பு முடியும் சமயத்தில், கலந்தாய்வுக்கோ நீட் தேர்வுக்கோ விண்ணப்பிக்க மின்னஞ்சல் வேண்டும் என்பதால், கடைக்காரரே அவசரத்தில் ஒன்றை உருவாக்கி, மாணவரின் பெயரோடு 123 சேர்த்துக் கடவுச்சொல் வைத்து, மீட்பு எண்ணாகத் தம்முடைய எண்ணையே கொடுத்துவிடுவதும் உண்டு. அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் சேர்க்கைக் கடிதம் வரப்போகும் அஞ்சலின் சாவி மாணவரிடம் இல்லை. அதே கடையில் பிரிண்ட் எடுப்பதற்காக வாட்ஸ்அப்பைக் கணினியில் ஸ்கேன் செய்து திறந்துவிட்டு, வெளியேறாமல் வீட்டுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற பகுதியைத் திறந்து பார்க்கவும், தெரியாத கணினி இருந்தால் நீக்கவும், கடையின் டவுன்லோடு கோப்புறையில் கிடக்கும் ஆதார் நகலை அழித்துவிட்டு எழுந்திருக்கவும் ஒரு பாடவேளையில் கற்றுத்தந்துவிடலாம்.

‘தெரியாத லிங்க்கைத் தொடாதே’ என்ற அறிவுரையும் அரைகுறையானது, ஏனெனில் மோசடி லிங்க் பெரும்பாலும் தெரிந்தவரிடமிருந்தே வருகிறது. சித்தப்பாவின் எண்ணைக் கைப்பற்றியவன் சித்தப்பாவின் பெயரில் கல்யாணப் பத்திரிகை அனுப்புவான். கோப்பின் பெயர் ‘ஏபிகே’ என்று முடிந்தால் அது பத்திரிகையன்று, கைப்பேசிக்குள் நிறுவப்படும் செயலி. முகவரியைப் படிப்பதும் கற்றுத்தர வேண்டிய திறமையே. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோடு வரையுள்ள பகுதியை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். ‘டிஎன்.கவ்.இன்.லேப்டாப்-பதிவு.காம்’ என்று ஒரு முகவரி வந்தால், முன்னால் அரசின் பெயர் இருந்தாலும் அதன் உடைமையாளர் ‘லேப்டாப்-பதிவு.காம்’ தான். பூட்டுச் சின்னம் இருப்பதனால் தளம் நேர்மையானது என்று பொருளாகாது. இடையில் யாரும் எட்டிப்பார்க்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். கரும்பலகையில் ஐந்து முகவரிகளை எழுதி, எது யாருடையது என்று மாணவர்களைக் கேட்டுப் பார்த்தால், ஒரு மணி நேரச் சொற்பொழிவுக்கு அது மேல்.

ஆண்பிள்ளைகளுக்கு இவையெல்லாம் வேண்டியதில்லை என்று நினைப்பது இன்னொரு தவறு. பெண் பெயரில் வரும் வீடியோ அழைப்பை எடுத்து, பதிவு செய்யப்பட்டு, பணம் கேட்டு மிரட்டப்படுவது பையன்களுக்கும் நேர்கிறது. வெட்கத்தால் அவர்கள் வாய்திறப்பதில்லை. உடன் படிக்கும் பெண்ணின் ஆபாசப் படம் குழுவில் வந்தால், அதை ‘சும்மா’ அடுத்தவருக்கு அனுப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்கீழ் குற்றம் என்பதை அவர்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணை ஒருபோதும் கேட்கமாட்டார்கள் என்பதையும், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் 2025ஆம் ஆண்டுச் சட்டத்தால் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளன என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கற்க வேண்டியவர்கள் பிள்ளைகள் மட்டுமே என்ற எண்ணமும் சரியன்று. 2018 மே மாதத்தில், நமக்கு அடுத்த மாவட்டமான திருவண்ணாமலையில், குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக, பிள்ளை பிடிப்பவர் என்று சந்தேகிக்கப்பட்டு அடித்துக் கொல்லப்பட்டார். அதற்குப் பின்னிருந்தது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தி. அடித்தவர்கள் வளர்ந்த மனிதர்கள். நாடெங்கும் இத்தகைய கொலைகள் நடந்த பிறகே, அவ்வாண்டு ஜூலையில், முன்னனுப்பப்பட்ட செய்தி என்ற அடையாளத்தையும், ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரே நேரத்தில் முன்னனுப்ப முடியாத கட்டுப்பாட்டையும் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கொண்டுவந்தது.

பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. வகுப்புக் குழுவில் சேர்க்கும்போது ஒவ்வொரு மாணவியின் வீட்டு எண்ணும் அங்குள்ள எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. மதிப்பெண் பட்டியல், பிறந்த தேதி, ஆதார் எண் எல்லாம் ஒரே எக்செல் கோப்பாக அதே குழுவில் வந்து விழுகின்றன. இவற்றைப் பெற்றோருக்குத் தனித்தனியே அனுப்புவது வேலைப்பளுதான் என்றாலும் செய்தாக வேண்டியது. பரிசு வாங்கும் படத்தைப் பள்ளியின் முகநூல் பக்கத்தில் போடுமுன் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்க வேண்டும். பிள்ளை வேண்டாம் என்றால், காரணம் கேட்டுத் துளைக்காமல் விட்டுவிட வேண்டும்.