ட்ரைபாட் இல்லாமலே இரவு நகரப் படம்

மும்பை மரீன் டிரைவின் விளக்கு வரிசையை மொபைலில் எடுக்க ட்ரைபாட் வாங்க வேண்டாம். கடலோரச் சுவர் மேல் தண்ணீர் பாட்டிலை வைத்து அதில் போனைச் சாய்த்து வையுங்கள். நைட் மோடில் 3 வினாடி டைமர் போட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

போன் அசையவில்லை என்று தெரிந்தால் நைட் மோடு கூடுதல் நேரம் வெளிச்சத்தைச் சேர்க்கும். சில மாடல்களில் 30 வினாடி வரை. பட்டனைத் தொடும் சின்ன அதிர்வுகூட விளக்குகளைக் கோடாக இழுத்துவிடும், டைமர் அதற்குத்தான். பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். காலி பாட்டில் என்றால் கடற்காற்றில் போனும் சேர்ந்து பாறைப் பக்கம் போய்விடும்!

ஆட்கள் முகம் தெரிய வேண்டிய படத்துக்கு இது சரிவராது. வண்டி ஓடும் மேம்பாலத்திலும் வேண்டாம், பாலமே அதிரும். மழைக்காலத்தில் கடல் ஏறும் நேரம் சுவர்ப் பக்கமே போகாதீர்கள்.