த்ரில்லர் கதையில் ஆட்டிசம்: எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் திரைக்கதை எழுதுவோரின் வரைவுகளைப் படித்துக் கருத்துச் சொல்வது பல ஆண்டுகளாக என் வேலையின் ஒரு பகுதி. உளவியல் த்ரில்லர் ஒன்றில் ஆட்டிசம் (பிறரோடு பேசிப் பழகும் முறையும், ஒலி, ஒளி போன்றவற்றை உணரும் முறையும் வேறுபட்டிருக்கும் நிலை) உள்ள சிறுவன் வந்துவிட்டால், ஒரு காலத்தில் நான் செய்த பிழையே மீண்டும் என் முன் வந்து நிற்கிறது. ஆட்டிசத்தைப் பைத்தியம் என்று எழுதக் கூடாது என்பது போன்றவை இன்று எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

சாட்சியைப் பூட்டிய பெட்டியாக்குவது

1994-இல் வெளிவந்த 'சைலன்ட் ஃபால்' படத்தில், பெற்றோரின் கொலையைக் கண்ட சிறுவனிடமிருந்து உண்மையை வெளிக்கொணர ஒரு மனநல மருத்துவர் முயல்கிறார். 1998-இல் வந்த 'மெர்க்குரி ரைசிங்' படத்தில், அமெரிக்க அரசின் ரகசியக் குறியீட்டை 9 வயதுச் சைமன் படித்துவிடுவதால் அவனைக் கொல்லத் துரத்துகிறார்கள். இரண்டிலும் சிறுவனுக்குள் இருப்பது கதைக்கு வேண்டியிருக்கிறது. சிறுவனுக்கு என்ன வேண்டும் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

நானும் அப்படித்தான் எழுதினேன். கொலையாளி சொன்ன ஒரு வாக்கியத்தை என் கதைச் சிறுவன் காட்சிக்குக் காட்சி திரும்பச் சொல்வான். இறுதியில் காவல் ஆய்வாளர் அதன் பொருளைக் கண்டுபிடிப்பார். அதைப் படித்த சிறப்புக் கல்வியாளர் ஒருவர், "இவன் இதை எப்போது சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், எதற்காகச் சொல்கிறான் என்று எழுதவில்லையே" என்றார். எக்கோலேலியா என்னும் இந்தத் திரும்பச் சொல்லுதலை நான் ஒலிப்பதிவுக் கருவியின் வேலையாக எண்ணியிருந்தேன். பிறர் தன்னிடம் கேட்ட "தண்ணி வேணுமா?" என்பதையே திரும்பச் சொல்லும் குழந்தை, தனக்குத் தாகம் என்று சொல்லிக்கொண்டிருக்கலாம், அச்சத்தின்போது கேட்ட வாக்கியம், அச்சம் திரும்பும்போது உதவி கேட்கும் சொல்லாக வரலாம். என் சிறுவன் ஒவ்வொரு காட்சியிலும் பேசிக்கொண்டுதான் இருந்தான். எழுதிய நானே அதைக் கேட்கவில்லை. முழுக் கதையையும் மீண்டும் எழுத 7 மாதங்கள் ஆயின.

இந்தப் பிழை இன்றும் என்னைச் சினங்கொள்ள வைப்பதற்குக் காரணம் உண்டு. இத்தகைய குழந்தைகள் உண்மையிலேயே காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் வருகிறார்கள். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மாற்றுத்திறன் கொண்ட குழந்தையின் வாக்குமூலத்தைப் பதிவு செய்யச் சிறப்புக் கல்வியாளரின் உதவியையோ, அக்குழந்தை பேசும் முறையை அறிந்த ஒருவரின் உதவியையோ பெற வழிசெய்கிறது. அப்படி ஒருவர் குழந்தையின் அருகில் அமர்ந்து, அதன் சொல்லுக்குக் காத்திருக்கும் அறையில் எவ்வளவு பதற்றம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நான் படித்த எந்த வரைவிலும் அந்த அறை இல்லை.

எல்லோரையும் கணித மேதையாக்குவது

1997-இல் வந்த 'கியூப்' படத்தின் ஆட்டிசம் உள்ள கஸான், எண்களின் காரணிகள் எத்தனை என்பதை மனக்கணக்காகவே சொல்லிவிடுகிறான். 1988-இல் வந்த 'ரெயின் மேன்' படத்தில் வரும் ஆட்டிசம் உள்ள பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்த, அபார நினைவாற்றல் கொண்ட கிம் பீக்கிற்கு ஆட்டிசமே இல்லை என்று பின்னாளில் கருதப்பட்டது. வியத்தகு தனித்திறன் ஆட்டிசம் உள்ளோரில் சிறுபான்மையினருக்கே உண்டு.

உணர்ச்சியற்ற கொலையாளி

எழுதவே வேண்டாம். கண்ணைப் பார்த்துப் பேசாதது இரக்கமின்மையின் அடையாளம் அன்று.

அலறலைத் திகிலுக்குப் பயன்படுத்துவது

குழல்விளக்கின் இரைச்சலும் சைரனும் சிறுவனின் காதில் எப்படி விழுகின்றன என்பதை முதலில் பார்வையாளரைக் கேட்கச் செய்யுங்கள். அதன் பிறகு அவன் அலறட்டும்.

இறுதிக் காட்சியில் குணமாக்குவது

குற்றவாளி பிடிபட்டதும் சிறுவன் முதன்முறையாக நாயகனின் கண்ணைப் பார்த்துச் சிரிக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள்.