கொழும்பின் ஈரக்காற்றில் பயிற்றை விதை எடுத்துவைக்கும் முறை

போஞ்சியை நட்டு, இங்குள்ள வெக்கையில் பூவெல்லாம் உதிர்ந்த பிறகே நான் பயிற்றைக்கு மாறினேன். ஆயினும் கீழே சொல்லும் உலர்த்தும் முறை இரண்டுக்கும் பொருந்தும்.

நன்றாகக் காய்க்கின்ற, இலையில் தேமல் (வெளிர் மஞ்சள் திட்டு) விழாத இரண்டு மூன்று கொடிகளை முன்கூட்டியே தெரிந்து நூல் கட்டி வையுங்கள், ஏனெனில் தேமல் நோய்களுள் சில விதை வழியாகவும் தொடரும். வாங்கிய பைக்கற்றில் எஃப் 1 கலப்பினம் என்றிருந்தால் அதில் விதை எடுக்காதீர்கள். அடுத்த தலைமுறை தாய்க்கொடியைப் போல் அமையாது. காய் வைக்கோல் நிறமாகி, அசைத்தால் கலகலக்கும் நெற்றானதும் பறிக்க வேண்டும். மழை விடாது பெய்தால் மஞ்சளான காயையே பறித்து வீட்டுக்குள் மின்விசிறியின் கீழ் பரப்பிவிடலாம், இல்லாவிடில் நெற்றுக்குள்ளேயே விதை முளைத்துவிடும்.

நான் சறுக்கியது இதற்கு அடுத்த படியில்தான். வெள்ளவத்தையில் கடற்காற்று வீசும் பல்கனியில் நான்கு நாள் காய்ந்த விதை, கைக்கு நன்கு உலர்ந்ததாகவே பட்டது. போத்தலில் அடைத்து ஒரு மாதம் கழித்துத் திறந்தபோது பாதியில் பூஞ்சணமும் மீதியில் வட்டத் துளைகளுமாக இருந்தது. ஈரக்காற்றில் விதை ஓர் அளவுக்கு மேல் உலர்வதில்லை. துளையிட்ட வண்டும் போத்தலுக்குள் புதிதாக வந்ததன்று. கொடியில் நின்ற நெற்றின் மீதே அது முட்டையிட்டிருக்கிறது.

ஆகையால் இப்போது அரிசியை எண்ணெயின்றிப் பொன்னிறமாக வறுத்து, மூடிய போத்தலில் ஆறவிட்டு, துணியில் முடிந்த விதையை, அதன் ஈரத்தை அரிசி உறிஞ்சும்படி, அதே எடை அரிசியோடு இரண்டு கிழமை அடைத்து வைக்கிறேன். பின்பு ஒரு விதையைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வேண்டும்: நசுங்கினால் இன்னும் ஈரம் இருக்கிறது, சிதறினால் போதும். அதன் பிறகே, ரப்பர் வளையமுள்ள கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றி, ஒரு கிழமை பிறீசரில் வைத்தால் முட்டையும் புழுவும் அழியும். ஈரவிதையை உறையவைத்தால் விதையே செத்துவிடும். பொலித்தீன் பையை நான் நம்புவதில்லை, வண்டு அதைத் துளைத்துவிடும். வெளியே எடுத்த போத்தலை அதன் குளிர் முற்றிலும் நீங்கும்வரை திறக்காதீர்கள். திறந்தால் விதை வியர்த்து, பட்ட பாடெல்லாம் வீணாகும்.

நடும்போது குழிக்கு இரண்டு விதையாக 2 முதல் 3 சென்ரிமீற்றர் ஆழத்தில் இட்டு, பந்தலுக்கான கம்பை அப்போதே ஊன்றிவிடுங்கள், பிறகு ஊன்றினால் வேர் அறுபடும். ஐப்பசி அடைமழைக்குள் நட்டால் முளை அழுகும்.

பிற்சேர்க்கை: இரவு முழுவதும் ஊறவைத்த விதை பிளந்துபோனதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். இவ்வளவு உலர்ந்த விதை தண்ணீரை ஒரேயடியாக உறிஞ்சுவதால் அப்படி ஆகிறது. போத்தலைத் திறந்து இரண்டு நாள் வெளிக்காற்றில் வைத்துவிட்டு, ஊறவைக்காமலே ஈரமண்ணில் இடுங்கள்.