ஊர் பதற்றமாக இருக்கும்போது ஒரு தெரு செய்ய வேண்டியவை

சிலை உடைந்தது, கொடிக்கம்பம் சாய்ந்தது, ஊர்வலத்தில் கல் விழுந்தது என்று மத்தியானம் ஒரு பேச்சு கிளம்பினால், பொழுது சாய்வதற்குள் முக்கில் கூட்டம் கூடிவிடும். அந்த நாலைந்து மணி நேரத்தில் புதிதாக எதையும் ஏற்பாடு செய்ய முடியாது. முன்பே செய்துவைத்ததுதான் கைகொடுக்கும். பல சாதியாரும் மதத்தாரும் கலந்து வாழும் தமிழ்நாட்டுத் தெருக்களை மனதில் வைத்து இந்தக் குறிப்புகள்.

யாரைச் சேர்ப்பது

பிரச்சினை வெடித்த பிறகு கோட்டாட்சியரோ தாசில்தாரோ சமாதானக் கூட்டம் கூட்டுவார். இரு தரப்புத் தலைவர்களும் வந்து கையெழுத்துப் போடுவார்கள். அது தேவைதான். ஆனால் அன்றைக்கு உங்கள் தெருவைப் பிடித்து நிறுத்த அந்தத் தலைவர்களால் ஆகாது. தன் ஆட்களுக்கு முன்னால் தணிந்து பேசினால் அவர்களுக்குச் செல்வாக்குப் போய்விடும்.

மகாராஷ்டிரத்தின் பிவண்டி 1970லும் 1984லும் பெரும் கலவரம் பார்த்த ஊர். 1988ல் அங்கே காவல் துணை ஆணையராக வந்த சுரேஷ் கோப்டே, கட்சித் தலைவர்களை நம்பியிராமல் இரு மதத்துச் சாதாரண ஆட்களை வைத்தே மொஹல்லா கமிட்டிகளை, அதாவது தெருக் குழுக்களை, அமைத்தார். 1992 டிசம்பரில் பக்கத்திலேயே பம்பாய் பற்றியெரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது.

எனவே 40 முதல் 60 வீடுகளுக்கு ஒரு குழு போதும். அதற்கு மேல் போனால் முகம் தெரியாது. எட்டுப் பத்துப் பேர், அதில் மூன்று பெண்களாவது இருக்கட்டும். பால் ஊற்றுபவர், மளிகைக் கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டில் ஒருவர், மகளிர் குழுத் தலைவி, டியூஷன் எடுக்கும் டீச்சர் என்று எல்லா வீட்டு வாசலிலும் நின்று பேசக்கூடியவர்களாகப் பாருங்கள். சங்கப் பொறுப்பில் இருப்பவர்களைத் தவிர்ப்பது நல்லது. எல்லாரும் ஒரே தரப்பாக அமைந்துவிட்டால் அந்தக் குழுவே இன்னொரு கோஷ்டிதான்.

இவர்களுடைய போன் எண்களைத் தாளில் எழுதி எல்லாரிடமும் கொடுங்கள். பதற்றத்தில் செல்போன் இணையத்தை நிறுத்திவிட்டால் வாட்ஸ்அப் குழு உதவாது. சாதாரண அழைப்பு போகும். அதே தாளில் இன்ஸ்பெக்டர், ஸ்டேஷனின் தனிப்பிரிவுக் காவலர், கிராமம் என்றால் வி.ஏ.ஓ., வார்டு கவுன்சிலர், லைன்மேன் எண்களும், 112, 108 ஆகியவையும் இருக்கட்டும். தனிப்பிரிவுக் காவலரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஊரில் என்ன புகைகிறது என்று மேலே தகவல் அனுப்புவது அவர் வேலை. உங்களை அவருக்கு முன்பே தெரிந்திருந்தால், நீங்கள் சொல்வதை உடனே எடுத்துக்கொள்வார்.

திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு இந்தக் குழு உட்கார்ந்து பேசினால் பாதிப் பிரச்சினை கிளம்பாது. விநாயகர் சிலை ஊர்வலமோ சந்தனக்கூடோ குருபூஜையோ, எந்த வழியாக, எத்தனை மணிக்குப் போகிறது, மேளம் எந்த முக்கில் நிற்கும், எங்கே மறுபடி தொடங்கும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு ஸ்டேஷனுக்கு ஒரு பிரதி கொடுங்கள். இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி எல்லாருக்கும் ஒன்றுதான். அதை நம் பக்கத்துக்கு மட்டும் தளர்த்திக்கொள்வதில்தான் சண்டை ஆரம்பிக்கிறது.

வதந்தியை எப்படி மடக்குவது

2018ல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாகத் தமிழ்நாட்டின் வட மாவட்டங்களில் பேச்சு பரவியது. அந்த மே மாதம், குலதெய்வக் கோயிலுக்குப் போகச் சென்னையிலிருந்து காரில் வந்த குடும்பம் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயதுப் பெண்மணி இறந்துபோனார். அந்த ஆண்டு இந்தியா முழுக்கச் சுற்றிய 'கடத்தல்' வீடியோக்களில் ஒன்று கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். மூலப் படத்தில், பைக்கில் வந்தவர்கள் பிள்ளையைத் திரும்ப விட்டுவிட்டு ஓர் அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் வெட்டிவிட்டிருந்தார்கள்.

தகவல் வந்ததும் கொண்டுவந்தவரிடம் மூன்றே கேள்வி: எந்த இடம், எத்தனை மணி, கண்ணால் பார்த்தது யார். "மச்சான் சொன்னான்" என்றால் மச்சானுக்கு போன் போடுங்கள். இரண்டு, மூன்று ஆள் பின்னால் போனாலே பெரும்பாலும் நூல் அறுந்துவிடும். வீடியோ என்றால் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்: கடைப் பெயர்ப்பலகையின் எழுத்து, வண்டி நம்பர், போலீஸ் சீருடை, பேசும் மொழி. ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போட்டால் பழைய படம் சில நொடியில் அகப்படும். ஒலியை நம்பாதீர்கள், வேறு படத்தின் மேல் ஏற்றிவிடுவது எளிது.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தால் அந்தச் செய்தி பல கை மாறி வந்தது. அதை ஒரு நேரத்தில் ஒரே ஒருவருக்கோ குழுவுக்கோதான் தள்ளிவிட முடியும். ஆனால் எழுத்துச் செய்தியை நகலெடுத்து ஒட்டினால் அந்தக் குறி வராது. ஆகவே குறி இல்லை என்பதால் நம்பிவிட வேண்டாம்.

தெருவின் வாட்ஸ்அப் குழு அட்மின், 'அட்மின் மட்டும் எழுதலாம்' என்ற அமைப்பை இரவில் போட்டுவைக்கலாம். நாள்கணக்கில் பூட்டிவைத்தால் பேச்சு வேறு குழுவுக்குப் போகும். அங்கே நிதானமான ஆள் ஒருவரும் இருக்க மாட்டார். காலையும் மாலையும் திறந்துவிடுங்கள். வெறுப்புச் செய்தியை அழிக்கும் முன் அனுப்பிய எண்ணும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட வேண்டும். பகை மூட்டும் செய்தியைப் பரப்பினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 196, 353 பிரிவுகளின் கீழ் மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம் என்பதையும் அங்கேயே போட்டுவையுங்கள். பையன்களுக்கு இது தெரியாது.

மறுப்பு எழுதும்போது வதந்தியை முதல் வரியில் திரும்பச் சொல்லக் கூடாது. பாதி படித்தவர் அதைத்தான் பிடித்துக்கொள்வார். இப்படி எழுதலாம்: "மாலை 6.20. மார்க்கெட் ரோடு திறந்திருக்கிறது, பஸ் ஓடுகிறது. நேரில் பார்த்தது: பால் டிப்போ அண்ணன்." நேரம், இடம், பார்த்தவர் மூன்றும் வேண்டும். வாய்ஸ் மெசேஜ் வேண்டவே வேண்டாம். பதறிய குரலே அடுத்த வதந்தியாகிவிடும்.

சந்தேகப்பட்டு யாரையாவது பிடித்துவிட்டால்

அவரை உடனே கூட்டத்தின் கண்ணிலிருந்து மறையுங்கள். கடை அறை, நூலகம், எதுவானாலும் சரி; கதவைச் சாத்தி, வெளியே மூத்தவர்கள் இருவர் நிற்க, ஒருவர் 112ஐ அழைக்க வேண்டும். தண்ணீர் கொடுங்கள். கட்டிவைப்பது, விசாரிப்பது, வீடியோ எடுப்பது மூன்றும் கூடாது. பொதுமக்கள் ஒருவரைப் பிடிக்கச் சட்டம் தரும் இடம் மிகக் குறுகியது. ஜாமீனில் விட முடியாத குற்றம் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும், அல்லது அவர் தலைமறைவானவர் என்று நீதிமன்றம் அறிவித்த குற்றவாளியாக இருக்க வேண்டும். அப்போதும் ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைத்தாக வேண்டும். ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, மொழி, பிறந்த இடம் போன்ற காரணத்துக்காக ஒருவரைக் கொன்றால், கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை.

வடமாநிலத் தொழிலாளர் இருக்கும் தெருவில், அவர்களில் ஒருவருடைய எண்ணும் பட்டியலில் வேண்டும். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடிப்பதாகப் போலி வீடியோக்கள் சுற்றியபோது, பயந்து ஊருக்குக் கிளம்பியவர்கள் உண்டு. பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்பி விசாரித்தது. அந்த நேரத்தில் வீட்டு உரிமையாளர் நேரில் போய் "பயம் வேண்டாம்" என்று தெரிந்த இந்தியில் சொல்வது பெரிய உதவி.

அன்றைய மாலை

முதலில் தெருவைப் பெருக்குங்கள். கட்டடவேலைக்குக் குவித்த செங்கல், ஜல்லி, காலி பாட்டில், பழைய டயர், கேனில் வைத்த பெட்ரோல் எல்லாம் உள்ளே போக வேண்டும். ஜல்லியை நகர்த்த முடியாவிட்டால் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிடுங்கள். கைக்கு எட்டும் தூரத்தில் கல் இல்லாத தெருவில் கல்லெறி குறைவு. பைக்குகளை உள்ளே ஏற்றுங்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றால் லைன்மேனை அழையுங்கள், வாசல் விளக்குகளை இரவு முழுக்க எரிய விடுங்கள்.

பாதுகாப்புக்கு நிற்கிறோம் என்று இருபது பேர் கம்போடு முக்கில் நிற்பதைப் போல ஆபத்தான காரியம் கிடையாது. அடுத்த தெருவிலிருந்து பார்த்தால் அது தாக்க வரும் கூட்டம்; இந்த விஷயத்தில் நல்ல எண்ணத்துக்கு மதிப்பே இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 144, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவுப்படி தடையுத்தரவு போட்டால் பெரும்பாலும் ஐந்து பேர் கூடுவதே குற்றம். உத்தரவின் நகலை வாங்கிப் படியுங்கள். திருமணம், இழவு, மருத்துவம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டா என்பது அதில்தான் இருக்கும். காவல் தேவை என்றால், ஸ்டேஷனில் சொல்லிவிட்டு, இரு தரப்பையும் சேர்ந்த நடுவயதுக்காரர்கள் நான்கு பேர் வெறுங்கையோடு நாற்காலி போட்டு உட்காரட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றுங்கள். தூக்கக் கலக்கத்தில்தான் வாய்த்தகராறு வரும்.

பதினைந்து முதல் இருபத்தைந்து வயதுப் பையன்களை "வெளியே போகாதே" என்று மட்டும் சொன்னால் நிற்க மாட்டார்கள். வேலை கொடுங்கள்: முதியவர் வீட்டுக்கு மாத்திரை, பால் பாக்கெட், தண்ணீர் கேன்.

வீட்டில் மூன்று நாளுக்கு அரிசி பருப்பு, ஒரு வாரத்துக்கு மாத்திரை, சில்லறை நோட்டு, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் இருந்தால் போதும். கடையைத் துடைத்து வாங்கினால் அடுத்த வீட்டுக்கு இருக்காது.

யாருக்காவது அடைக்கலம் கொடுத்தால் அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். போலீசுக்கு மட்டும் சொல்லுங்கள். அவர்கள் கிளம்பும்போது ஆதார், பட்டா, மருந்துச்சீட்டு கையில் இருக்கிறதா என்று கேளுங்கள். காயத்தில் ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்துங்கள். போலீஸ் துணையில்லாமல் ஆம்புலன்ஸ் சந்துக்குள் வராமல் போகலாம், மெயின் ரோட்டுக்குத் தூக்கிவர ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கண்ணீர்ப்புகை பட்டால் தேய்க்காமல் காற்று வரும் பக்கமாக விலகி, நல்ல தண்ணீரால் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். எலுமிச்சையும் பற்பசையும் உதவாது.

அடங்கிய பிறகு

சேதத்தைச் சுத்தம் செய்யும் முன் தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் படம் எடுங்கள். புகாரை எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம்; எல்லை வேறு என்று திருப்பி அனுப்பக் கூடாது. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். கடைக்கு இன்சூரன்ஸ் இருந்தால் கலவரச் சேதமும் அதில் அடங்குமா என்று பார்த்து அன்றே தெரிவிக்க வேண்டும்.

பையன் யாராவது கைதானால் ஸ்டேஷன் வாசலில் கூட்டம் சேர்க்காதீர்கள். இன்னும் பத்துப் பேர் மேல் வழக்கு வரும். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இலவசச் சட்ட உதவிக்கு 15100.

கல்வீச்சு ஓய்ந்ததும் அடுத்து வருவது "அவன் கடையில் வாங்காதே" என்ற பேச்சு. இது பல மாதம் நீளும். குழுவில் இருப்பவர்கள் மறுநாள் காலையிலேயே வழக்கமான கடையில், வழக்கமான ஆளிடம், எல்லாரும் பார்க்க வாங்க வேண்டும். பதினைந்து நாளுக்குள் ஒரு கூட்டம் போட்டு, அழைத்தும் எடுக்காத எண்களை அடித்துவிட்டுப் புது ஆட்களைச் சேருங்கள். அடுத்த திருவிழா எப்போது, யாருடையது என்பதையும் அன்றே குறித்துக்கொள்ளுங்கள்.